ஒரு மாரிக்கு ஒத்துக்கொண்ட மரவீடு

ஓடாவி வேலையில் மரத்தால் வருகிற தொல்லை கொஞ்சம்தான். அந்த மரத்துக்குள் குடியிருக்க ஆசைப்படுகிறவர்களால் வருகிறதுதான் மிச்சம் எல்லாம். பாலையூற்றில் பட்டறை வைத்து, கதவு, நிலை, கூரை, அலுமாரி என்று முப்பது வருடமாகச் செய்து வருகிறேன். வீடு கட்டியவர்களுக்கும், கட்டிக் கொடுத்தவர்களுக்கும், அது கட்டி முடிகிற வரைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து மரம் அறுக்கிற வாளின் சத்தம் கேட்டவர்களுக்கும் நான் சொல்லப் போவது நன்றாக விளங்கும். உங்கள் அனுதாபத்தை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

எல்லாரும் கல்வீட்டுக்குக் கதவு கேட்டு வருகிற இடத்தில், ஒருவர் மட்டும் மரவீடு கேட்டு வந்தார். கூரை மட்டும் மரம் என்று நினைக்காதீர்கள். சுவரே உருண்டை உருண்டையான மரக்குற்றி. அந்த ஒரு வீட்டில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

இருபது நிமிடத்தில் ஒரு வீடு

குலேந்திரன் அண்ணை துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது வருடம் வேலை செய்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். பெரிய கப்பல்களைக் கயிற்றில் பிணைத்து இழுத்து வந்து துறையில் சேர்க்கிற படகு அது. ஒருநாள் காலை பட்டறைக்கு வந்தவர், போட்ட கதிரையில் இருக்கவும் பொறுமையில்லாமல் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அதில் பனி கொட்டுகிற காட்டுக்குள் ஒரு தாடிக்காரன். மரம் தறிக்கிறான், உருட்டுகிறான், மூலைக்கு மூலை வாய் வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறான். கடைசியில் புகைபோக்கியால் புகை வருகிறது, வாசலில் நாய் படுக்கிறது. குச்சவெளிப் பக்கம் தனக்கு ஒரு காணி இருக்கிறது, அதில் இதே வீடு வேண்டும் என்றார் அண்ணை.

முப்பது வருடம் இரும்புக்குள் படுத்தெழும்பிய மனிதருக்கு மரத்துக்குள் படுக்க ஆசை வந்ததில் என்ன பிழை? ஆனாலும் வெயில், உப்புக் காற்று, கறையான், மாரி மழை என்று என் பங்குக்கு நானும் அடுக்கினேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. எவ்வளவு காலம் எடுக்கும் என்று மட்டும் கேட்டார். நானும், என்னோடு வழக்கமாக வேலை செய்கிற கிண்ணியா மேசன் நஸீர் நானாவும் சேர்ந்தால் ஐந்தாறு மாதம் என்றேன். அண்ணையின் முகம் வாடிப்போயிற்று.

“இஞ்ச பாருங்கோ ஓடாவியார், அவன் தனி ஆள், இருபது நிமிசத்தில கட்டி முடிச்சிட்டான். நீங்கள் ரெண்டு பேர் இருக்கிறீங்கள்.”

கைப்பைக்குள் ஒரு திறப்பு

வீடு ஆணுக்குக் கட்டினாலும் அளவு பெண்ணிடம்தான் எடுக்க வேண்டும் என்பது நான் அடிபட்டுப் படித்த பாடம். ஆகவே லிங்கநகரில் அவர்கள் இருந்த வீட்டுக்குப் போனேன். அண்ணையின் மனைவி வசந்தி ரீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய வீடு நல்ல கல்வீடு. எந்த மழைக்கும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் வராது என்று ரீச்சரே சுவரைத் தட்டிக் காட்டினார். தேத்தண்ணி தந்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். ஒழுகுமா? பூச்சி பொட்டு வருமா? குசினி எந்தப் பக்கம்? வாய்ப்பாடு ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி எழுந்து நின்று பதில் சொன்னேன் என்று சொன்னால் நம்புங்கள்.

கடைசியில் கைப்பையைத் திறந்து அந்த வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். குச்சவெளிக்குப் போனாலும் இந்த வீட்டை வாடகைக்கு விடப்போவதில்லை, இந்தத் திறப்பு தன் பையிலேயே இருக்கும் என்றார். அண்ணை முற்றத்துப் பூச்செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளையாட்டுக் கதை இல்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வீடு பிழையாகப் போனால் நான் கெடுக்கப் போவது ஒரு வீட்டை மட்டும் இல்லை.

“ஒரு மாரி இருந்து பார்ப்பன். சரிவராட்டி திரும்பி இஞ்ச வந்திடுவன். இவர் வேணுமெண்டா அந்தக் குற்றியளோட இருக்கட்டும்.”

சுவர் என்று ஒரு கட்டம்

வீடு கட்ட அனுமதி எடுக்க மூவரும் ஒரு கந்தோருக்குப் போனோம். படிவத்தில் ‘சுவர்’ என்று ஒரு கட்டம். செங்கல், சிமெந்துக்கல், மண், ஓலை என்று நான்கு வகை அச்சிட்டிருந்தது. மரம் இல்லை. அங்கே இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். பேனையை எடுத்து முதலாவதில் வைத்தார், எடுத்தார், நாலாவதில் வைத்தார், எடுத்தார். கூரைக்குத்தானே மரம் என்று மூன்று தரம் கேட்டார். சுவருக்கு என்று மூன்று தரமும் சொன்னோம். அண்ணை கைபேசியை எடுத்துத் தாடிக்காரனைக் காட்டினார். உத்தியோகத்தர் முழுவதையும் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரும் வந்து பார்த்தார். நாய் படுக்கிற இடத்தில் இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் பெருமூச்சோடு படிவத்தைத் திருப்பி, ‘வேறு’ என்று இருந்த இடத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘தற்காலிகக் கொட்டில்’ என்று இருந்தது. அண்ணைக்குப் பொறுக்கவில்லை, சண்டைக்கு எழும்பிவிட்டார். ரீச்சர்தான் அவரைக் கையில் பிடித்து இருத்தினார்.

“விடுங்கோ, அவர் சரியாத்தான் எழுதியிருக்கிறார். தற்காலிகமோ இல்லையோ எண்டு மாரிக்குப் பிறகு நான் சொல்லுறன்.”

நஸீர் நானாவின் கோபம்

மலைநாட்டுப் பக்கமிருந்து யூகலிப்டஸ் குற்றிகள் லொறியில் வந்து இறங்கின. அன்றைக்கே நஸீர் நானாவுக்கும் எனக்கும் கதை பேச்சு குறைந்துவிட்டது. நானா இருபது வருடமாக என்னோடு வேலை செய்கிறவர். அவர் கட்டின சுவரில் தண்ணீர் மட்டம் வைத்துப் பார்க்கிறவன் வெட்கப்பட்டுப் போவான். அவருக்கு இந்த வீட்டில் கிடைத்தது குற்றிகளைத் தாங்குகிற சிமெந்துத் தூண்களும், குளிக்கிற அறையும், குசினி அடுப்புமேடையும் மட்டும்தான். சாந்துக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாய் வெட்டுவதையே பார்த்தபடி இருப்பார். சில நேரம் பார்வையிலேயே எனக்கு மரம் செதுக்குகிற வாய்ச்சி சறுக்கும்.

சுவர் இடுப்பளவு வந்த அன்று மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை பெருமையாக, எப்படி இருக்கு நானா என்று கேட்டார். நானா சோற்றை விழுங்கிவிட்டு நிதானமாகச் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

“அடுக்கின மாதிரி நல்லாத்தான் இரிக்கி. ஆனா விறகத்தான் அடுப்புக்குள்ள வெக்கிறது; நீங்க அடுப்ப விறகுக்குள்ள வெக்கச் சொல்றீங்க.”

நிலை வைத்த நேரம்

இனி என் பிழையைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. அதற்குச் சுவர் எழும்பத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் போக வேண்டும். நம்முடைய வீடுகளில் முதலில் வாசல் நிலையை நிறுத்துவோம். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நிலையின் தலையில் ஒரு துண்டுத் துணிக்குள் பொட்டுப்பொன் முடிந்து வைப்போம். சுவர் பிறகுதான் வந்து நிலையைச் சேரும். ஆனால் தாடிக்காரன் அப்படிச் செய்யவில்லை. நாலு பக்கமும் சுவரை மூடி எழுப்பிவிட்டுக் கடைசியில்தான் வாசலை வெட்டினான். நாங்களும் அப்படியே செய்வோம் என்றார் அண்ணை. நிலை வைக்காமல் எழும்புகிற வீட்டுக்குத் தான் கால் வைக்க மாட்டேன் என்றார் ரீச்சர். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ரீச்சர் பக்கம் நின்றேன். பயத்தில் இல்லை, பெருமையில். முப்பது வருடத்தில் நான் வைத்த நிலை ஒன்றும் அசைந்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முதிரை மரத்தில் நிலை செய்து, பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கு நிறுத்தி, குற்றிகளைக் காற்றுப் போகாமல் நிலையோடு இறுக்கி, தலைக்கு மேலேயும் ஒரு குற்றியை இறுக்கி இருத்தினேன். பின்கதவுக்கு நேரம் பார்க்கிற வழக்கம் இல்லையே. அதை அண்ணை தாடிக்காரனைப் பார்த்துத் தானே வெட்டினார். அவன் செய்தபடியே நிலைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தென்னந்தும்பு அடைத்தார். அளக்கத் தெரியாதவர் விட்ட இடைவெளி என்று நானும் நானாவும் வாயைப் பொத்திச் சிரித்தோம். முன்வாசலிலும் ஒரு இடைவெளி விடுவோமா, அவன் எதற்கோ விடுகிறான் என்று அண்ணை கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். ரீச்சர்தான் கதையை முடித்தார்.

“அவனிட்டப் பஞ்சாங்கம் இல்லை, பாவம். எங்களிட்ட ஓடாவியார் இருக்கிறார்.”

முதல் விருந்தாளி

கூரை போட்ட கிழமை, காலையில் வேலைக்குப் போனால் காணி முழுக்க யானைக் கால்தடம். அண்ணை நட்டிருந்த வாழை ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டிருந்தது. வீட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம் போயிருக்கிறது, ஆனால் ஒரு குற்றியில்கூடக் கீறல் இல்லை. அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. யானைக்கே மரியாதை வந்திருக்கிறது பாருங்கள் என்று தடங்களைக் கையால் அளந்து காட்டினார். நானாவும் குனிந்து கவனமாகப் பார்த்தார்.

“மரியாத இல்ல அண்ணே. வீடெண்டு அதுக்கு விளங்கல்ல.”

எப்போது பூசுவீர்கள்?

ஆவணியில் குடிபூரல். நஸீர் நானா கட்டின அடுப்புமேடையில் பால் பொங்கியது. வாசலில் கும்பம் வைத்து, ரீச்சர் வலது காலை எடுத்து என் நிலையைத் தாண்டி உள்ளே போனார். எனக்குக் கண் கலங்கியது உண்மை, புகையால் என்று சொல்லிச் சமாளித்தேன். சொந்தக்காரர் ஒரு வான் வண்டி நிறைய வந்திருந்தார்கள். எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். சிலர் யூகலிப்டஸ் வாசத்தை மணந்தும் பார்த்தார்கள். இருமலுக்கு நல்ல வீடு என்று ஒருவர் சொன்னார்.

அண்ணை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். ரீச்சரின் பெரியம்மா மட்டும் அரை மணித்தியாலம் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவருடைய கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் வடிவாத்தான் இருக்கு தம்பி. எப்ப பூசப் போறீங்கள்?”

முதல் மழை

பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். இது எந்த ஓடாவிக்கும் தெரியும். ஒரு குற்றி ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டிலொன்று, சுருங்கினால் பன்னிரண்டு குற்றி அடுக்கின சுவர் இரண்டு விரல் இறங்கும். இதை மட்டும் இந்த ஓடாவி யோசிக்கவில்லை. பலகைக்குப் பார்த்த கணக்கைச் சுவருக்குப் பார்க்கவில்லை. வறண்ட கச்சான் காற்று அடித்த மாதங்களில் வீடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பின்கதவுக்கு மேல் அண்ணை விட்ட இடைவெளிக்குள் சுவர் பேசாமல் இறங்கி இருந்தது. முன்பக்கம் என் நிலை முதிரை, அசையவில்லை. சுவர் அதன் தலையில் வந்து தொங்கிக்கொண்டது. நிலைக்கு இரண்டு பக்கமும் குற்றிகளுக்கு இடையில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. ஐப்பசி கடைசியில் வாடைக் காற்றோடு முதல் பெருமழை வந்தது. மறுநாள் காலை ரீச்சர் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். உடனே வாங்கோ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

குச்சவெளி பஸ்ஸில் யன்னல் ஓரம் நனைந்தபடி இருந்து, அந்தக் கைப்பைத் திறப்பையே நினைத்துக்கொண்டு போனேன். முன்கதவைத் தள்ளினேன், அசையவில்லை. தோளால் இடித்தேன். பின்பக்கத்தால் வரச்சொல்லி உள்ளேயிருந்து ரீச்சரின் குரல் கேட்டது. அண்ணை வெட்டின பின்கதவு ஒரு விரலால் தள்ளத் திறந்தது. அந்த வெட்கத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும். உள்ளே முன்னறை முழுக்கச் சட்டியும் பானையும், கதிரைகள் எல்லாம் ஒரு மூலையில். கைப்பை மேசைக்கு மேலே இருந்தது. ரீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் அங்கே விட்டுப்போன கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். அண்ணை நிலத்தில் குந்தியிருந்து, துறைமுகத்திலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த மணிக்கட்டுத் தடிப்பான தும்புக் கயிற்றை இழை இழையாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வள்ளத்துப் பலகை இடுக்குக்கு அடைப்பது போல அவர் பிரிக்கப் பிரிக்க, ரீச்சர் வெடிப்புக்குள் திணித்து அடித்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் தொடங்கினார்களாம். பாதிச் சுவர் அடைபட்டிருந்தது.

பிழை என்னுடையது என்று நின்ற நிலையில் சொல்லிவிட்டேன். நான் அப்பவே சொன்னனான் என்று அண்ணை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கயிற்றைத்தான் பிரித்தார். திரும்பிப் போகப் போறீங்களோ ரீச்சர் என்று பயந்து பயந்து கேட்டேன். அவர் கொட்டாப்புளியை இறக்கி, முகத்துத் தண்ணீரைத் துடைத்தார். மாரி முடியட்டும், பேந்து சொல்லுறன் என்றார். பிறகு அண்ணைக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

“காத்து மழையெண்டால் இவரை ஹாபருக்குக் கூப்பிட்டிடுவாங்கள். முப்பது மாரி நான் ஒரு பொட்டு ஈரமில்லாத வீட்டில தனிய இருந்தனான். மழைக்கு இவர் வீட்டில நிக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

வீட்டைத் தூக்கின நாள்

தை பிறந்து வெயில் வந்ததும் முன்வாசலைத் திருத்தப் போனோம். சுலபமான வழி ஒன்றுதான். நிலையைக் கழற்றி, இரண்டு விரல் குறைத்துத் திரும்ப வைப்பது. ரீச்சர் வாசலில் கையை விரித்து நின்றுவிட்டார். நேரம் பார்த்து வைத்த நிலை, தலையில் பொன் முடிந்த நிலை, அதில் யாரும் கை வைக்கக்கூடாது. வீட்டை வேண்டுமானால் தூக்குங்கள் என்றார். தூக்கினோம். லொறியை உயர்த்துகிற ஜக்கு இரண்டு வாங்கி வந்து, நிலைக்கு மேல் இருந்த குற்றியை இரு பக்கமும் முட்டுக்கொடுத்து உயர்த்தி, அதன் அடியில் இரண்டு விரல் அறுத்து எடுத்து, மெதுவாக இறக்கித் தும்பு அடைத்தேன். ஜக்கு அடித்தது நஸீர் நானா. கிண்ணியாவில் சுவர் கட்டின மேசன் நூறு பேர் இருக்கிறார்கள், சுவரைத் தூக்கினவன் தான் ஒருவன்தான் என்று அவர் சொன்னார், அன்றோடு எனக்கும் நானாவுக்கும் கோபம் தீர்ந்தது.

ரீச்சர் முன்கதவை மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லை. மாரி முடிஞ்சுது என்று அண்ணை சொன்னார். ரீச்சர் நிற்பாரா, திரும்பிப் போவாரா என்ற அந்தக் கேள்வியை மூன்று மாதமாக அவர் கேட்காமல் இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ரீச்சர் உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்தார், லிங்கநகர்த் திறப்பை எடுத்தார். அண்ணை அப்படியே படியில் குந்திவிட்டார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க ஏலவில்லை. ரீச்சர் அந்தத் திறப்பைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். அங்கே தன் தையல் மெசினும் புத்தக அலுமாரியும் கிடக்கிறது, நாளைக்கே லொறி பிடித்து இங்கே ஏற்றி வரச் சொன்னார். படியில் இருந்த அண்ணை தலையைத் தூக்கினார், ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“அலுமாரியை முன்கதவால கொண்டு வாங்கோ ஓடாவியார். பின்கதவு இவர் வெட்டினது, சின்னன்.”

இப்போதெல்லாம் யாராவது கைபேசியை நீட்டி மரவீடு கேட்டு வந்தால், என்ன மரம், எந்தக் காணி என்று கேட்பதற்கு முன்னால், மழைக்கு நீங்கள் வீட்டில் நிற்கிற ஆளா என்றுதான் கேட்கிறேன்.